திரைவாசிப்பான் பாதி வேலையில் பேச்சை நிறுத்திவிடுகிறது, பவர் பட்டனைத் தொடாமல் மீள வழி உண்டா?

திருச்சி_தட்டச்சு:
வணக்கம் நண்பர்களே. எனக்கு முழுப் பார்வையின்மை, ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. விண்டோஸ் 11, திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைப் பேசிச் சொல்லும் மென்பொருள்) என்விடிஏ. கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. பதிவுகளை உள்ளிட்டுக்கொண்டே போகும்போது நடு வரியில் பேச்சு நின்றுவிடுகிறது. அம்புக்குறியை அழுத்தினாலும் சத்தமில்லை, ஆல்ட்+டேப் போட்டாலும் சத்தமில்லை. கம்ப்யூட்டரே ஹேங் ஆகிவிட்டதா, சவுண்ட் போய்விட்டதா, என்விடிஏ மட்டும் படுத்துவிட்டதா, ஒன்றும் தெரியாது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டால் "ஸ்கிரீன் நல்லாத்தானே இருக்கு" என்கிறார். அவருக்கு நல்லாத்தான் இருக்கும்! கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிறேன், சேமிக்காதது எல்லாம் போய்விடுகிறது.

இன்னொன்று, எங்களுக்கு வரும் தமிழ் சுற்றறிக்கை பிடிஎஃப்களில் சிலது வெறும் ஆங்கில எழுத்தாக உளறுகிறது. அதற்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

இன்சர்ட்_கீ:
பவர் பட்டனுக்குப் போகாதீர்கள் தோழர். முதலில் எது நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதைக் காதாலேயே செய்யலாம். பேச்சு நின்றதும் ஒரு பத்து எண்ணும்வரை எதையும் அழுத்தாமல் இருங்கள். நீங்கள் வேலை செய்யும் மென்பொருள் பதில் சொல்லாமல் தொங்கினால் என்விடிஏவும் சேர்ந்து தொங்கும், அதை விடுவிக்க அதற்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது, பல நேரம் தானாக மீண்டுவிடும். நாம்தான் பதற்றத்தில் பத்து கீயைத் தட்டி இன்னும் சிக்கலாக்குவோம்.

வரவில்லையா, இன்சர்ட்+எஸ். இது பேச்சு நிலையை மாற்றும் கீ, வேகமாகத் தட்டச்சு செய்யும்போது கை பட்டுப் பேச்சு அணைந்திருக்கலாம். சில முறை அழுத்தினால் "பேச்சு" நிலைக்குத் திரும்பும். அதுவும் இல்லையென்றால் கண்ட்ரோல்+ஆல்ட்+என் (N), இது என்விடிஏவை மூடித் திரும்பத் திறக்கும். என்விடிஏ மூடும்போது ஒரு ஒலி, திறக்கும்போது ஒரு ஒலி வரும் அல்லவா? அந்த இரண்டும் கேட்டு, பேச்சு மட்டும் வரவில்லையென்றால் எழுத்தைப் பேச்சாக்கும் குரல் இயந்திரத்தில்தான் கோளாறு. இன்சர்ட்+கண்ட்ரோல்+எஸ் போட்டு ஈஸ்பீக்குக்கு மாற்றுங்கள். அழகான குரல் இல்லைதான், ஆனால் என்விடிஏவோடு கூடவே வருவது, அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. ஒலியே கேட்கவில்லையென்றால் கண்ட்ரோல்+விண்டோஸ்+என்டர் அடித்து, விண்டோஸிலேயே இருக்கும் திரைவாசிப்பானான நரேட்டரை எழுப்புங்கள். அது பேசினால் சவுண்டு பிழைத்திருக்கிறது, என்விடிஏதான் பிரச்சினை. அதுவும் பேசாவிட்டால் சவுண்டைப் பாருங்கள். (என்விடிஏ வந்ததும் நரேட்டரை அதே கீயால் அணைத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்து பேசினால் சந்தைக்கடைதான்.)

மணப்பாறை_முறுக்கு:
சவுண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. லேப்டாப்பில் யாராவது எச்டிஎம்ஐ கேபிள் மாட்டி மானிட்டரோ புரொஜெக்டரோ இணைக்கிறார்களா? விண்டோஸ் பல நேரம் உடனே ஒலியை அதற்கு அனுப்பிவிடும், அதில் ஸ்பீக்கரே இல்லாமலும் இருக்கலாம். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், நமக்கு மட்டும் உலகமே நின்றுபோகும். நான் விலை குறைவான யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கி என்விடிஏவின் ஒலி அமைப்பில் அதை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். மீட்டிங் சத்தம் ஒரு பக்கம், என்விடிஏ ஒரு பக்கம், சண்டை இல்லை.

திருச்சி_தட்டச்சு:
மிக்க நன்றி இருவருக்கும். எச்டிஎம்ஐ எதுவும் இல்லை. இன்று மதியம் மறுபடி நின்றது. பொறுத்துப் பார்த்தேன், வரவில்லை. நரேட்டர் பேசியது. அதை அணைத்துவிட்டு கண்ட்ரோல்+ஆல்ட்+என் போட்டதும் என்விடிஏ திரும்ப வந்துவிட்டது, உள்ளிட்ட பதிவு அப்படியே இருந்தது! ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது.

இன்சர்ட்_கீ:
அப்படியென்றால் ஆட்-ஆன்களை (என்விடிஏவில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்களை) சந்தேகப்படுங்கள். விண்டோஸ்+ஆர் அடித்து, என்விடிஏ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி, இரண்டு ஹைஃபன், அப்புறம் டிசேபிள், ஹைஃபன், ஆட்ஆன்ஸ் (ஆட்ஆன்ஸ் ஒரே சொல்லாக), என்டர். பேச்சே இல்லாதபோதும் இதைத் தட்டலாம். இப்படி ஆட்-ஆன் எதுவும் இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் ஆள் அகப்பட்டான், ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்கி யார் என்று பார்க்க வேண்டியதுதான். என்விடிஏவின் வருடத்தின் முதல் பதிப்பு (2024.1, 2025.1 மாதிரி) வரும்போது ஆட்-ஆன்கள் அதற்கேற்பப் புதுப்பிக்கப்பட வேண்டும், செய்பவர் விட்டுவிட்டால் அது அனாதைதான். அதைக் கட்டாயப்படுத்தி இயக்கவும் வழி வைத்திருக்கிறார்கள், அங்கேதான் பாதி வம்பு.

லாக் கோப்பும் (என்விடிஏ தன் செயல்பாட்டைக் குறித்து வைப்பது) பாருங்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகு டெம்ப் ஃபோல்டரில் பழைய லாக் தனியாக இருக்கும், அதில் "எரர்" என்று தேடினால் ஆட்-ஆனின் பெயர் பெரும்பாலும் அடுத்த வரிகளிலேயே வரும். அதை இங்கே ஒட்டுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: லாக் அளவை உயர்த்தி வைத்திருந்தால் நீங்கள் அழுத்திய கீகளும் என்விடிஏ பேசியதும் அதில் பதிவாகும். கணக்குப் பிரிவு வேறு, கவனம்.

பாமினி_பகைவன்:
பிடிஎஃப் விஷயத்துக்கு நான் வருகிறேன். எழுத்தெழுத்தாக நகர்ந்து பாருங்கள், "ஜே, கே, பி, ஓ, செமிகோலன், ஈ, எச், எல்" என்று வந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்நாடு". கண்ணுக்குத் தமிழ், உள்ளே வெறும் ஆங்கில எழுத்து, திரைவாசிப்பான் பாவம் என்ன செய்யும்? அக்ரோபேட் ரீடரில் கண்ட்ரோல்+டி போட்டு எழுத்துருப் பெயரைப் பார்த்துவிட்டு, அதை யுனிகோடாக (திரைவாசிப்பானுக்கும் தமிழாகவே புரியும் எழுத்துக் குறியீடாக) மாற்றும் கருவியில் நகலெடுத்து ஒட்டுங்கள். தமிழ்நாடு அரசு 2010லேயே யுனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று, இன்னும் இந்தக் கூத்து நடக்கிறது. ஸ்கேன் செய்த படமாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறங்கள், தமிழை ஓரளவு நன்றாகவே எடுத்துத் தரும்.

திருச்சி_தட்டச்சு:
அகப்பட்டது! எனக்கு முன் இந்த மெஷினை வைத்திருந்தவர் போட்டுவிட்டுப் போன ஓர் ஆட்-ஆன், லாக் முழுக்க அதன் பெயர்தான். எடுத்துவிட்டேன், இதுவரை நிற்கவில்லை. பிடிஎஃபும் பாமினியேதான். ஒரு சின்ன சந்தேகம், வீட்டு மெஷினில் கண்ட்ரோல்+ஆல்ட்+என் வேலை செய்யவில்லையே?

மணப்பாறை_முறுக்கு:
டெஸ்க்டாப்பில் இருந்த என்விடிஏ ஷார்ட்கட்டை யாரோ அழித்திருப்பார்கள், அந்தக் கீ அதில்தான் தொங்குகிறது. புது ஷார்ட்கட் போட்டு, ஆல்ட்+என்டர் அடித்து, ஷார்ட்கட் கீ கட்டத்தில் ஆங்கில N எழுத்தை மட்டும் தட்டுங்கள், கண்ட்ரோலும் ஆல்ட்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.