விஷுவல் நாவல் எழுத்து எந்த இடத்துல சப்புன்னு போகுது?

தங்கச்சிமடத்தான் (கேள்வி)

பாம்பனை வச்சு ஒரு விஷுவல் நாவல் எழுதுறேன், அதாவது படமும் இசையும் ஓட, திரையைத் தட்டித் தட்டிப் படிக்கிற கதை. ரென்பைங்கிற மென்பொருள்ல ஓடுது, ஆண்ட்ராய்டுக்கு. கதை நடக்குறது 2023 மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். ஒரு விசைப்படகு எரியுது, யாரு கொளுத்துனாங்கன்னு கடைசியில தெரியும். ரென்பையோட லின்ட் (பிழை சோதிக்கிற) அறிக்கைப்படி மொத்தம் 42,000 சொல், 7,000 வசனப் பெட்டி. வாசகன் அடுத்து என்னன்னு தேர்ந்தெடுக்குற முதல் தேர்வு வர்றதுக்குள்ள 9,000 சொல் போயிடுது. மூணு தேர்வு, ரெண்டு முடிவு. முதல் ரெண்டு அத்தியாயத்தோட ஸ்கிரிப்ட் இணைச்சிருக்கேன்.

சோதனைக்குப் படிச்சவங்க பாதிப் பேரு ரெண்டாவது அத்தியாயத்துல நிறுத்திட்டாங்க. இழுவை, சொன்னதையே சொல்றது, கடைசியில அழ வைக்கணும்னே எழுதுனது, இதான் குறை. ஆனா இதே மூணு குறையையும் ஹிகுராஷி, ஃபேட், கிளானட்ங்கிற ஜப்பான் விஷுவல் நாவல்கள் மேலயும் காலங்காலமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. அதுகளுக்கு வாசகர் கூட்டமும் குறையல. அப்ப அதுகளை வரிசையா எழுதுன ர்யூகிஷி07, நாசு, மாயெதா எழுத்துல நிஜமாவே குறை இருக்கா, இல்ல பொறுமை இல்லாதவங்க பேச்சா? அவங்ககிட்ட எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது?

கீழக்கரை_காக்கா

குறை இருக்கு தம்பி. ஆனா அவங்க கதையில அந்தக் குறையைத் தாங்கிப் பிடிக்க ஒரு தூண் இருக்கும். நீங்க தூணை விட்டுட்டு பாரத்தை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கீங்க.

ஹிகுராஷியைப் பாருங்க. முதல் பகுதி 2002 ஆகஸ்ட்ல காமிக்கெட்ங்கிற ஜப்பான் ரசிகர் சந்தையில வந்துச்சு, எட்டாவது 2006 ஆகஸ்ட்ல. ஒரு பகுதிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குறைஞ்சது நாலு மாசம், ஒரு தடவை முழுசா ஒரு வருஷம். அவ்வளவு நாள் கழிச்சு வர்றவனுக்கு ஊரையும் ஆளுகளையும் மறுபடி பழக்கிவிட வேண்டியிருந்துச்சு. பகுதிக்குப் பகுதி சீட்டாட்டமும் கேலியுமா மணிக்கணக்குல ஓடுறதுக்கு அது ஒரு காரணம். இன்னிக்கு எட்டையும் வரிசையா படிக்கிறவனுக்கு அதே இடம் ஆமை வேகம்.

இன்னொரு காரணம் கதையோட உடம்புலயே இருக்கு. அதே 1983 ஜூன், அதே கிராமம், அதே பிள்ளைங்க, ஆனா விபரீதம் மட்டும் வேற வேற மாதிரி வரும். முதல் தடவை சிரிச்ச கேலியை ரெண்டாவது தடவை வாசகன் சந்தேகத்தோட படிப்பான். திருப்பிச் சொல்றதுக்கு அங்க வேலை இருக்கு. உங்க 61 நாள் ஒரே ஒரு தடவைதான் நடக்குது. அதுல 'நாள் 1, நாள் 2'ன்னு எழும்பி, டீ குடிச்சு, வலை பின்னுறதைப் பதினாலு நாளைக்கு எழுதியிருக்கீங்க. சுழற்சி இல்லாத கதைக்கு இது சுமை. 61ல ஒரு ஒன்பது நாளை எடுங்க. மத்த நாளெல்லாம் திரையில தேதி மாறுறதோட சரி. எதை எடுக்குறதுன்னா, அன்னிக்கு யாருக்காவது ஒண்ணு தெரிய வந்திருக்கணும், இல்ல கைவிட்டுப் போயிருக்கணும்.

ஃபேட் வேற கதை. 2004ல வந்தது, மூணு கதைவழி, வரிசையை மாத்த முடியாது. முதல் வழியில விதியெல்லாம் சொல்லிட்டு அடுத்த ரெண்டுல அதையே புரட்டிப் போடுறதால வரிசைக்கு நியாயம் உண்டு. ஆனா சண்டை உச்சத்துல நிக்கும்போது ஆயுதத்தோட பூர்வீகத்தை எடுத்து விரிக்கிறது, அடிக்கு முன்னாடி ஒரு தடவை, அடி விழும்போது ஒரு தடவை, விழுந்த பிறகு ஒரு தடவை சொல்றது, இதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஒரு விதியை ஒரே தடவை சொல்லுங்க, அதுவும் அந்த விதியால ஒருத்தருக்கு நட்டம் வர்ற இடத்துல.

கிளானட்ல மாயெதா எழுத்தாளர் மட்டுமில்ல, இசையமைப்பாளரும். அதனால அழுகைக் காட்சியில வார்த்தை குறையும், பியானோ பேசும். உங்க ஸ்கிரிப்ட்ல இசையும் ஓடுது, 'என் நெஞ்சு வெடிச்சது'ன்னு எழுத்தும் ஓடுது. ரெண்டுல ஒண்ணு போதும். முடிவு பத்தி அங்க இருக்குற நியாயமான புகார், நடந்த இழப்பைக் கடைசியில திருப்பி எடுத்துக்கிறாங்கங்கிறது. மத்த வழிகளை முடிச்சாத்தான் கடைசிப் பகுதி திறக்கும், அந்த உழைப்புக்குக் கூலியா அதை ஏத்துக்கிறவங்க உண்டு. மூணே தேர்வு வச்ச கதையில அந்தக் கூலியைக் கேக்க முடியாது.

வடகடல்_அக்கா

காக்கா கதையைச் சொல்லிட்டாங்க. நான் விரலைப் பத்திச் சொல்றேன்.

42,000 சொல், 7,000 பெட்டி. சராசரி பெட்டிக்கு 6 சொல். முதல் தேர்வுக்கு முன்னாடி மட்டும் சுமார் 1,500 தடவை திரையைத் தட்டணும். 'இழுவை'ன்னு சொன்னவங்க கதையைத் திட்டல தம்பி, தட்டுனதைத் திட்டுறாங்க. அச்சுப் புத்தகத்துல 6 சொல் வரி கண்ணுக்குத் தெரியாம ஓடிடும். இங்க ஒவ்வொண்ணும் ஒரு தட்டு. தட்டுனதுக்கு ஏதாவது கிடைக்கணும்.

1280க்கு 720 திரையில, எழுத்து அளவு 28, மூணு வரிப் பெட்டின்னா தமிழ்ல 12 முதல் 15 சொல் வசதியா உக்காரும். அதுக்கு மேல திணிச்சா நம்ம நீளச் சொல்லு அடுத்த வரிக்கு இறங்கி வலது பக்கம் பொக்கையா நிக்கும். சராசரி 10ன்னு வச்சுக்கோங்க. முதல் தேர்வை 4,000 சொல்லுக்குள்ள கொண்டு வந்தா 400 தட்டு. அதுவே கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா தாங்கும்.

ஸ்கிரிப்ட்ல வெறும் புள்ளி மட்டும் உள்ள பெட்டியைத் தேடிப் பாத்தேன். ரெண்டு அத்தியாயத்துல 212. இது ஜப்பான் மொழிபெயர்ப்புல இருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம். அங்க பதில் சொல்லாம நிக்கிறதே ஒரு பதில், அதுக்குப் புள்ளி போடுவாங்க. நம்ம ஊருல ஒருத்தி பதில் சொல்லலன்னா 'ம்க்கும்'பா, இல்ல கூடையைத் தூக்கிட்டு நடந்துருவா. ம்க்கும்னு எழுதுங்க, இல்ல முகப்படத்தை மாத்தி அரை நொடி நிறுத்துங்க.

உங்க ஸ்கிரிப்ட்ல இருந்தே ஒண்ணு:

பெட்டி 1: கடல் அமைதியா இருந்துச்சு.
பெட்டி 2: அலையே இல்ல.
பெட்டி 3: இவ்வளவு அமைதியா பாத்ததே இல்ல.
பெட்டி 4: ஏதோ நடக்கப் போகுதுன்னு மனசு சொல்லுச்சு.

இதை ஒரே பெட்டியா: 'தென்கடல் குளமாக் கெடந்துச்சு. வைகாசியில அது அப்படிக் கெடக்காது.'

தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசத்துல தென்கடல் அடங்கிக் கெடந்தா என்ன அர்த்தம்னு நம்ம ஆளுக்குச் சொல்லவே வேணாம். வெளியூர் ஆளுக்கும் 'வழக்கமா இப்படிக் கெடக்காது போல, சரியில்ல'ன்னு உறைக்கும். மனசு சொல்லுச்சுங்கிற வரி தேவைப்படாது.

தொழில்நுட்பம் ரெண்டு மூணு. ரென்பையோட இயல்பு எழுத்துருவுல தமிழ் கிடையாது, கட்டம் கட்டமாத்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒண்ணை உள்ள போட்டு எல்லா ஸ்டைலுக்கும் கொடுக்கணும். பழைய பதிப்புல கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும், 'கெ' உடைஞ்சு தெரியும், அதனால புதிய 8 வரிசையிலயே கட்டுங்க. எழுத்து ஒவ்வொண்ணா விழுற வேகத்தை நீங்க நொடிக்கு 20னு வச்சிருக்கீங்க. மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக் கணக்காகுறதால தமிழுக்கு அது இன்னும் மெதுவாத் தெரியும். 0 போட்டா மொத்தப் பெட்டியும் உடனே வரும். மெதுவா விழணும்னா அந்த ஒரு வரிக்கு மட்டும் வேகத்தைக் குறைக்கலாம்.

இன்னொண்ணு. ரெண்டாவது தடவை ஆடுறவங்க படிச்ச பகுதியைத் தாண்டிப் போக வழியை அடைக்காதீங்க. பின்னாடி போறதையும் அடைக்காதீங்க. தேர்வுக்கு அப்புறம் பின்னாடி போக விடாம மறிக்கிறது எழுத்தாளருக்குக் கெத்தா இருக்கும், பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் படிக்கிறவங்களுக்குத் தலைவலி.

தொண்டிக்காரன்

நான் கொஞ்சம் மாறுபடுறேன். மெதுவாப் போறதே குறைன்னு சொல்லாதீக. கரைவலை மாதிரிதான், கயிறு இழுக்குற நேரம் ஜாஸ்தி, மடி கரைக்கு வர்றது கொஞ்ச நேரம். மடியில மீன் இருக்கணும், அம்புட்டுத்தான்.

எனக்குப் பொறுக்காதது ரெண்டு. ஒண்ணு பாடம் நடத்துறது. உச்சிகோஷி எழுதுன 999ங்கிற விஷுவல் நாவல், 2009ல வந்தது. ஒன்பது மணி நேரத்துல வெளிய போகலைன்னா சாவுங்கிற கதை. உறைகுளிர் அறையில அடைபட்டு நடுங்கிக்கிட்டே உறையும் நீரைப் பத்தி அறிவியல் கதை பேசுவாக. பின்னால அது மர்மத்தோட சேருதுங்கிறது உண்மை. அந்த நிமிசத்துல அந்த ஆளு அப்படிப் பேசுவானாங்கிறதுதான் கேள்வி. நீக தனுஷ்கோடியில தாத்தாவை நிக்க வச்சு 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலையும் அடிச்சிட்டுப் போன ரயிலையும் 58 பெட்டிக்குச் சொல்ல வைக்கிறீக. பேரனுக்கு அது தெரியாதா? ராமேஸ்வரம் தீவுல பிறந்தவனுக்கு அதை யாரும் முதல் தடவையாச் சொல்ல மாட்டாக. அதைக் கேக்காத ஆளு ஒருத்தி வேணும், மதுரைக்காரியோ யாரோ. இல்லன்னா சொல்ற விதத்துல சண்டை வேணும்: தாத்தா ஒண்ணு சொல்ல, ஆத்தா 'பொய்யி, அன்னிக்கு நீக மண்டபத்துல இருந்தீக'ன்னு வெட்டணும். அப்ப 58 பெட்டியும் ஓடும். மணலைக் கையால தோண்டி நல்ல தண்ணி எடுக்குற காட்சி ஒண்ணு இருக்கே, பத்துப் பெட்டி, அதுல ஒரு விளக்கமும் இல்ல, அதான் அந்த அத்தியாயத்துலயே உருப்படி.

ரெண்டாவது, போலித் தேர்வு. உங்க முதல் தேர்வு 'கரைக்குப் போ / வீட்டுல இரு'. எதை அமுக்குனாலும் மூணு பெட்டியில ஒரே இடத்துக்கு வந்துருது, அப்புறம் ஒருத்தரும் அதைப் பத்திப் பேசல. அதுக்கு ஹிகுராஷி மாதிரி தேர்வே இல்லாம எழுதிரலாம், அது நேர்மை. எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு: ஸ்டெயின்ஸ் கேட்ங்கிற இன்னொரு ஜப்பான் கதையில உண்மை முடிவுக்குப் போக சில மின்னஞ்சலுக்குக் குறிப்பிட்ட பதிலைத்தான் போடணும். எதுன்னு ஆடுறவனுக்குத் தெரிய வழியில்ல, கையேடு பாத்துத்தான் போவான். 999 முதல்ல வந்தப்ப உண்மை முடிவுக்குப் பழைய புதிரையெல்லாம் மறுபடி போடணும். 2012ல வந்த அடுத்த கதையில கிளையெல்லாம் காட்டுற வழிப்படம் வச்சுக் குதிக்க விட்டாக. அதுவே முதல்ல செஞ்சது சரியில்லங்கிறதுக்குச் சாட்சி.

உங்க அளவுக்கு இப்படிச் செய்யலாம். மூணு தேர்வையும் முழுசாக் கிளைச்சு எழுதுனா எட்டு வழி, உங்களால முடியாது. ஒவ்வொரு தேர்வும் ஒரு மாறியில (எதை அமுக்குனாங்கன்னு நிரல் ஞாபகம் வச்சுக்கிற இடம்) குறிக்கட்டும், 25 பெட்டி தனியாப் போகட்டும், அப்புறம் சேரட்டும். சேந்த பிறகு குறைஞ்சது நாலு இடத்துல அந்த மாறியைப் பாத்து வசனம் மாறணும். கரைக்குப் போயிருந்தா 'அன்னிக்கு நீ பாத்தேல்ல'ன்னு ஒருத்தன் கேக்கணும். போகலைன்னா அதே ஆளு பேச்சை மாத்தணும். மொத்தத்துல ஒரு 150 பெட்டி கூடும், அம்புட்டுத்தான்.

தங்கச்சிமடத்தான்

நன்றி காக்கா, அக்கா, அண்ணே. புள்ளியை எல்லாம் தூக்கிட்டேன். ஒரு சந்தேகம் பாக்கி. படகைக் கொளுத்துனது ஒரு பொம்பளை. அது 5வது அத்தியாயம் வரைக்கும் தெரியக் கூடாது. ஆனா இருட்டுல ஓடுற காட்சியில 'ஓடினான்'னு எழுதுனா பொய், 'ஓடினாள்'னா போச்சு. ர்யூகிஷி07 தன்னோட இன்னொரு கதை உமினேகோல எப்படியோ சமாளிக்கிறாரே?

கீழக்கரை_காக்கா

உமினேகோவைப் பின்பற்றாதீங்க. அங்க சிவப்பு எழுத்துல வந்தா அது உண்மைன்னு ஒரு ஒப்பந்தம், அதை வச்சுத்தான் மத்ததுல மறைக்க முடியுது. அப்படியும் 2010ல எட்டாவது பகுதி வந்தப்ப விடையை வெளிப்படையாச் சொல்லலன்னு பெரிய மனத்தாங்கல். பின்னால மங்கா (படக்கதை) வடிவத்துலதான் விளக்கமாச் சொன்னாங்க. மறைச்சா எங்க திறக்குறோம்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க.

ஜப்பான் மொழியில வினை ஆண் பெண் காட்டாது, நமக்குக் காட்டும். அதனால கதைசொல்லி வரியில 'ஆள்' எழுவாயா வரவே கூடாது. 'மண்ணெண்ணெய் வாடை. ஓடுற காலடிச் சத்தம். சங்குக் குவியல் சரிஞ்சுச்சு.' பொருளும் சத்தமும் எழுவாயா நிக்கட்டும். 'ஓடியது ஒரு உருவம்'னு எழுதாதீங்க, தொடர்கதை வாடை அடிக்கும், வாசகனும் உடனே பொம்பளைன்னு சொல்லிடுவான்.

வடகடல்_அக்கா

பேச்சு வசனத்துல இன்னும் சுளுவு. 'யாரோ ஓடுனாங்க'ன்னு சாட்சி சொன்னா ஆணா பெண்ணா ஒருத்தரா ரெண்டு பேரான்னு தெரியாது, யாரும் அப்படித்தான் பேசுவாங்க. பொய்யும் ஆகாது. 5வது அத்தியாயத்துல அதே சாட்சி 'அந்த அக்கா ஓடுச்சு'ன்னு சொன்னா முதல்ல சொன்னதும் நேராவே இருக்கும்.

பெயர்ப் பெட்டியில கேள்விக்குறி போட்ட தனிப் பாத்திரமாவே அந்த ஆளை வைங்க. ஒரே பாத்திரத்துக்குப் பெயரை இடையில மாத்துற வேலை வேணாம், பழைய வசனத்தைக் காட்டுற வரலாற்றுப் பக்கத்துல எது எப்பச் சொன்னதுன்னு சோதிக்கிறது சிக்கலாகும். அவங்களுக்குன்னு தனி எழுத்து நிறமும் கொடுத்திருக்கீங்க. அதை எடுங்க, 2வது அத்தியாயத்துல அவங்க சொந்தப் பெயர்ல பேசும்போதும் அதே நிறம் வருது.

தொண்டிக்காரன்

அதை நானும் பாத்தேன், அந்த நிறத்துலதான் கண்டுபிடிச்சேன்.

இன்னொண்ணு, 2வது அத்தியாயம் முடிவுல பாம்பன் பாலத்து மேல ரயில் போற சத்தத்துல படகு எரியுறதைக் கேக்காம விடுறாக. கதை 2023னு வச்சிருக்கீக. 2022 டிசம்பர்ல நின்ன ரயில் 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்த பிறகுதான் மறுபடி போச்சு. வருசத்தை மாத்துங்க, இல்ல ரயிலுக்குப் பதிலா ரோட்டுப் பாலத்து லாரியை விடுங்க.