புரோபை வைத்ததும் மாறிப்போகும் தொடு பொத்தான்

நான்கு தொடு பொத்தான்கள் உள்ள ஒரு பலகை. மூன்றாவது பொத்தான் மட்டும் சில நேரம் விரலுக்கு மசியும், சில நேரம் மசியாது. மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் காட்டும் ஸ்கோப்பின் (ஆசிலோஸ்கோப்) புரோபை, அதாவது அளக்கும் முனையை, அதன் செப்புத் தகட்டில் வைத்தேன். வைத்த கணமே, விரல் கிட்டே போகாமலே, தொட்டதைக் காட்டும் விளக்கு எரிந்தது. நிரலில் பிழை என்று நம்பி இரண்டு நாள் அதையே குடைந்துகொண்டிருந்தேன்.

நிரல் சரியாகத்தான் இருந்தது. 1 மெகாஓம் மின்தடை வழியாகத் தகடு மின்னேற்றம் பெறுகிறது; 3.3 வோல்ட்டில் பாதியை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை மைக்ரோகன்ட்ரோலர் எண்ணுகிறது. நேரம் கூடினால் விரல் பட்டதாகக் கொள்ளும். தகடும் அதற்குப் போகும் செப்புத் தடமும் சேர்ந்து மின்தேக்குதிறன் (மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் அளவு) சுமார் 20 பிக்கோஃபாரட்; அது கூடினால் நேரமும் கூடும். விரல் கூட்டுவது 2 பிக்கோஃபாரட்தான். என் 10எக்ஸ் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும்) புரோபோ 12 பிக்கோஃபாரட்டைக் கொண்டுவந்து கொட்டியது! ஆறு விரல்களைச் சேர்த்து வைத்த மாதிரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெறும் தகட்டுக்கு 14 மைக்ரோவினாடி, விரலோடு 15, புரோபோடு 23. 1எக்ஸ் (சிக்னலைக் குறைக்காத) நிலை இன்னும் மோசம். அங்கே புரோபின் வழியே தெரியும் மின்தடை 1 மெகாஓம். மின்னழுத்தம் பாதியைத் தாண்டவே தாண்டாது.

இப்போதெல்லாம் நான் தகட்டில் புரோபை வைப்பதே இல்லை. அளவீடு தொடங்கும்போது மைக்ரோகன்ட்ரோலரில் சும்மா கிடக்கும் ஒரு பின்னின் மின்னழுத்தத்தை உயர்த்தி, முடிந்ததும் இறக்கும்படி நிரலில் இரண்டு வரி சேர்த்தேன். புரோப் அந்தப் பின்னில் இருக்கும்; துடிப்பின் அகலத்தைப் பார்த்தால் போதும். மற்ற மூன்று பொத்தான்களில் விரல் பட்டதும் துடிப்பு அகன்றது. மூன்றாவதில் அழுத்திப் பிடித்தால்தான் அகன்றது. பிரித்துப் பார்த்தால் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பசை விட்டுப்போய், மெல்லிய காற்று இடைவெளி!

மற்றோர் உறுப்பினர்:

உங்கள் பதிவைப் படித்ததும் என் அனுபவம் நினைவுக்கு வந்தது. எனக்குப் புரோபின் முனை படவே வேண்டியிருக்கவில்லை. அதன் கிரவுண்ட் கிளிப் (கருவியின் கிரவுண்டில் மாட்டும் கம்பி) ஒன்றே போதுமாக இருந்தது. பேட்டரியில் ஓடும் கருவி. கிளிப் மாட்டியிருந்தால் பொத்தான்கள் அருமையாக வேலை செய்யும், கழற்றினால் மந்தமாகிவிடும். ஸ்கோப்பின் கிரவுண்ட் மின்இணைப்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. விரல் வழியே போகும் மின்னோட்டம் உடல், தரை வழியாகக் கருவிக்குத் திரும்ப வேண்டும். தனித்து மிதக்கும் கருவிக்கு அந்தத் திரும்பும் பாதை மிகவும் பலவீனம். கிளிப் அதைத் திறந்துவிடுகிறது. அதனால் தொடு வரம்பை (எவ்வளவு மாறினால் தொட்டதாகக் கொள்வது என்பதை) நிர்ணயிக்கும்போது ஒரு கம்பிகூட இணைத்திருக்கக் கூடாது, பேட்டரி மட்டுமே. சிலர் ஸ்கோப்பின் எர்த் இணைப்பையே துண்டித்துவிடுகிறார்கள். அது உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

முதல் பதிவர்:

நன்றி, அந்த எர்த் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. அலைவடிவத்தைத் தகட்டிலேயே பார்க்க வேண்டியவர்களுக்கு ஒன்று: புரோப் முனையில் 1 பிக்கோஃபாரட் மின்தேக்கியைத் தொடராக இணையுங்கள். தகட்டின் மேல் விழும் சுமை 1 பிக்கோஃபாரட்டுக்கும் கீழே போய்விடும். சிக்னல் மேலும் 13-இல் ஒரு பங்காகச் சுருங்கும், ஆனால் ஏற்ற இறக்கம் தெரியும்.