நமக்கும் குளிர்காலத்தில்தான் மழை. அப்புறம் ஏன் கோடியக்கரையில் ஆலிவ் இல்லை?

உப்பளத்து வீடு:
மகள் எட்டாம் வகுப்பு. நேற்று உலக வரைபடத்தில் காலநிலை மண்டலங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவள், மத்திய தரைக்கடல் காலநிலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். "குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. அம்மா, இது நம்ம ஊர்தானே?"

எங்களுக்கு வேதாரண்யம். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டால் சித்திரையில் தரை வெடித்துக் கிடக்கும். அவள் கேட்டதில் தப்பே இல்லை. கோடியக்கரை சாலையோரம் உதிர்ந்து கிடந்த பாலை மரத்து இலையை நோட்டில் வைத்திருந்தாள், அதையும் எடுத்துக் காட்டினாள். தடிப்பாக, தோல் மாதிரி, மேலே பளபளப்பு. புத்தகத்திலும் அந்த நாட்டு மரங்களுக்கு இதே வர்ணனைதான். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏவோராக்காரன்:
அக்கா, போர்ச்சுகலில் ஏவோரா பக்கம் ஆலிவ் தோட்டத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். சொந்த ஊர் சீர்காழி. இரண்டு மழையிலும் நனைந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அங்கே மழையைக் கொண்டுவருவது அட்லாண்டிக்கிலிருந்து வீசும் மேற்கத்தியக் காற்று. கோடையில் உயர் அழுத்தப் பட்டை வடக்கே நகர்ந்து தலைக்கு மேல் உட்கார்ந்துகொள்ளும், மேகமே சேராது. கலிபோர்னியா, நடுச் சிலி, கேப் டவுன், பெர்த் எல்லாம் இப்படித்தான். பாப்பா வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் கண்டங்களின் மேற்குப் பக்கமாகவே இருக்கும். நாம் கிழக்குக் கரை, நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று.

ஆனால் மரத்துக்கு முக்கியம் குளிர். ஏவோராவில் ஜனவரிப் பகலே 13, 14 டிகிரிதான், இரவில் 6. ஆலிவ் நன்றாகப் பூக்க அந்தக் குளிர் வேண்டும். நம் பக்கம் தை மாத இரவிலும் 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். தண்ணீர் இருக்கும்போது அங்கே சூடு இல்லை, சூடு வரும்போது தண்ணீர் இல்லை. இடையில் கிடைக்கும் வசந்தத்தில்தான் மரம் துளிர்க்க வேண்டும். நமக்கு மழையும் சூடும் சேர்ந்தே வருகின்றன. மழையின் அளவும் அவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆடி, ஆவணியில் மாலை இடிமழையும் உண்டு.

இலை ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், இரண்டு இடத்திலும் மரம் இலையை உதிர்க்காமல் நீண்ட வறட்சியைத் தாண்ட வேண்டும். மெழுகுப் பூச்சும் தடிப்பும் இல்லாத இலை காய்ந்துவிடும். இரண்டும் உறவு இல்லாத மரங்கள், பிரச்சினை ஒன்று.

அங்கே நான் மறக்காதது கார்க் ஓக், பாட்டில் மூடும் தக்கை கிடைக்கும் மரம். கோடையில் கோடாலியால் பட்டையைப் பெயர்த்து எடுப்பார்கள், அடிமரம் செங்கல் நிறத்தில் நிற்கும். அதில் வெள்ளைப் பெயின்டில் 3 என்று எழுதியிருந்தால் 2023இல் உரித்தது என்று அர்த்தம். அடுத்து 2032 வரை யாரும் தொடக்கூடாது, ஒன்பது வருடம் என்பது சட்டம். அந்தத் தடித்த பட்டைதான் காட்டுத்தீயில் மரத்தைக் காப்பாற்றுகிறது.

வன்னியான்:
முல்லைத்தீவிலும் இதே மழை, இதே மரங்கள்: பாலை, வீரை, கருங்காலி. வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும். மஞ்சள் நிறம், நல்ல இனிப்பு. கைநிறையத் தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். கரடிக்கும் அது உயிர், அந்த நேரம் காட்டுக்குள் தனியாகப் போகாதீர்கள் என்று அப்பா சொல்லுவார். இந்தக் காடு மண்டல வரைபடத்தில் தனி நிறமாகத் தெரியாது. பிள்ளை அதைக் கேட்டது எனக்குச் சரியான சந்தோசம்.

உப்பளத்து வீடு:
இரண்டு பேருக்கும் நன்றி. வாசித்துக் காட்டினேன். வேதாரண்யத்துக்கு என்ன வண்ணம் என்று இப்போது கேட்கிறாள். அப்புறம் வீரை மரத்தை எப்படி அடையாளம் காண்பது?

வன்னியான்:
அடிமரத்தைப் பாருங்கள். உருண்டையாக இருக்காது, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி பள்ளம் பள்ளமாக இருக்கும். பழம் சிவப்பு.