சிம்பிடியம் ஆர்க்கிட் 3 வருஷமா பூக்கவே இல்ல, இலை மட்டும் புதர் மாதிரி வருது

கோவை_மாடித்தோட்டம்:
வணக்கங்க. 3 வருஷம் முன்னாடி ஊட்டி போனப்ப ஒரு நர்சரில சிம்பிடியம் வாங்கினேன், ரெண்டு தண்டு நிறைய மஞ்சப்பூ, வீட்டுக்கு வந்தும் ஒரு மாசம் நின்னுச்சு, அதுக்கப்புறம் ஒரு மொட்டு கூட இல்லைங்க. மொட்டை மாடில ஷேட் நெட் கீழ, கரியும் தேங்கா மட்டை துண்டும் போட்டு வெச்சிருக்கேன், 19-19-19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிறது) வாரம் ஒரு தடவை. புது பல்ப் (இலைக்கு அடில கிழங்கு மாதிரி உப்பி இருக்குமே, அது) நல்லா வருது. தினமும் காலைல பல்ப் அடில விரல் வெச்சு தடவிப் பாக்குறேன், பூத்தண்டு வருதான்னு. மனசு கேக்கல.

குன்னூர்_செடி:
செடி நல்லாத்தான் இருக்குங்க, நீங்க தப்பா எதுவும் பண்ணல. உங்க ஊர்ல ராத்திரி குளிர் பத்தல, அதுதான் விஷயம். பெரிய பூ பூக்கிற ஹைபிரிட் எல்லாம் இமயமலை பக்கத்து செடிங்கள்ல இருந்து வந்தது, ராத்திரி 10-ல இருந்து 14 டிகிரி வரைக்கும் இறங்கி, அப்படியே சில வாரம் தொடர்ந்து இருந்தாத்தான் தண்டு விடும். கோவைல மார்கழி தைலயே 18 கிட்ட நிக்குமே. மலைல சொந்தக்காரங்க யாராவது இருந்தா அங்க கொடுத்து வைங்க. மழை குறைஞ்சதும் நைட்ரஜன் கம்மியா, பொட்டாஷ் ஜாஸ்தியா இருக்கிற உரத்துக்கு மாறிடுங்க. தடவிப் பாக்குறப்ப ஒண்ணு கவனிங்க, புதுக் குருத்துன்னா தட்டையா இருந்து சீக்கிரமே விசிறி மாதிரி விரியும், பூத்தண்டு பென்சில் மாதிரி உருண்டையா இருக்கும். லேசா தொட்டாலே போதும், அழுத்தினா ஒடிஞ்சிடும்.

ஏற்காடு_ஆர்க்கிட்:
இலை என்ன கலர்னு சொல்லலையே? கரும்பச்சைன்னா வெளிச்சமும் பத்தல, லேசா மஞ்சள் கலந்த பச்சையா இருக்கணும். கோவைலயே பூ பாக்கணும்னா சிம்பிடியம் அலோயிஃபோலியம் வாங்குங்க, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல மரக்கிளைல வளர்றது, வெயில் தாங்கும். பூத்தண்டு கீழ தொங்கும், அதனால தொங்குற கூடைல வைங்க. பூ சின்னதுதான், ஆனா எனக்கு பெரிய ஹைபிரிட்டை விட இதுதான் புடிக்கும். காட்டுல இருந்து பிச்சுட்டு வந்து விக்கிறவங்ககிட்ட மட்டும் தயவுசெஞ்சு வாங்காதீங்க, நர்சரில வளர்த்ததா கேட்டு வாங்குங்க.

கோவை_மாடித்தோட்டம்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இலை கரும்பச்சைதான்! கோத்தகிரில சித்தி வீடு இருக்கு, அங்கயே கொண்டு போய் விடறேன். தண்டு வந்ததும் கீழ எடுத்துட்டு வந்துடலாமா?

குன்னூர்_செடி:
அவசரப்படாதீங்க, மொட்டுல கொண்டு வந்தா சூட்டுக்கு மஞ்சளாகி உதிர்ந்திடும். முக்கால்வாசி பூ விரிஞ்சப்புறம் எடுங்க. தண்டு வெளிய தெரிஞ்சு பூக்க மூணு மாசம் கிட்ட ஆகும், சித்திகிட்ட இப்பவே சொல்லி வெச்சிடுங்க. பூ முடிஞ்சதும் மட்டையெல்லாம் மாத்தி நடுங்க, 3 வருஷத்துல அது மக்கியிருக்கும்.