பதினெட்டு நிமிடப் பாடலுக்குள் நுழைவது எப்படி? யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’

சோமனூர் வாசி (கேள்வி):

வணக்கம். உடன் பணிபுரியும் ஒருவர் வற்புறுத்தியதால், இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான யெஸ் 1972-இல் வெளியிட்ட ‘குளோஸ் டு தி எட்ஜ்’ இசைத்தொகுப்பை இந்த மாதத்தில் ஆறு முறை கேட்டுவிட்டேன். மொத்தம் மூன்றே பாடல்கள். தலைப்புப் பாடல் மட்டும் இசைத்தட்டின் முதற்பக்கம் முழுவதையும், அதாவது பதினெட்டு நிமிடங்களுக்கும் மேல், எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் பக்கத்தில் உள்ள ‘அண்ட் யூ அண்ட் ஐ’ உடனே பிடித்துவிட்டது. ஆனால் தலைப்புப் பாடலில், பறவையொலியும் நீரோசையும் முடிந்தவுடன் ஆளுக்கொரு பக்கம் வாசிக்கத் தொடங்குவதுபோல் வரும் முதல் மூன்று நிமிடங்களைப் பொறுமையாகக் கடக்க முடியவில்லை. பல்லவி, சரணம் என்று பழகிய காது எதைப் பற்றிக்கொள்வது? வரிகளின் பொருளும் பிடிபடவில்லை. இது ஆழமான படைப்பா, கைத்திறமையைக் காட்டுவதற்காக நீட்டிய வாசிப்பா? ‘இன்னும் பத்து முறை கேளுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேரூர்ப் பெரியவர்:

தம்பி, சோமனூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? விசைத்தறிக் கூடத்துக்குள் முதன்முறை நுழைகிறவனுக்கு அது வெறும் இரைச்சல். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கோ எந்தத் தறியின் ஓட்டம் பிசகுகிறது என்பது வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடும். அந்த மூன்று நிமிடங்களும் அப்படிப்பட்டவைதாம். கிட்டாரை விட்டுவிட்டுக் கிறிஸ் ஸ்குயரின் பாஸ் கிட்டாரை மட்டும் காதால் பின்தொடருங்கள். அது தறிகெட்டு ஓடுவதில்லை. மற்றவர்கள் அதன்மேல்தான் மோதிக்கொள்கிறார்கள். இடையிடையே எல்லாம் சட்டென்று அறுந்து, குரல்கள் மட்டும் ஒன்றாக எழுந்து நிற்கும். அந்த நிறுத்தங்களை எல்லைக் கற்களாக வைத்துக்கொண்டால், மூன்றாம் நிமிடத்தை ஒட்டி ஸ்டீவ் ஹௌவின் கிட்டாரில் தெளிந்த மெட்டு ஒன்று எழும்போது, மழை வெறித்துப் போனதைப் போன்ற நிம்மதி கிடைக்கும். முன்னிருந்த குழப்பம் இல்லாவிட்டால் அந்த நிம்மதிக்கும் இடமில்லை.

அடுத்து, பற்றிக்கொள்ள ஒரு கயிறு வேண்டும் என்கிறீர்கள். இருக்கிறது. ‘எழுகிறேன், இறங்குகிறேன்’ என்னும் பொருள்பட ஜான் ஆண்டர்சன் பாடும் ஓர் அடிதான் அது. பாடல் நான்கு பகுதிகளைக் கொண்டது. முதல் இரண்டு பகுதிகளில் அந்த அடி பாட்டின் வாலாக வந்து போகும். இரண்டாம் பகுதியில் பாடும் மெட்டு பெரும்பாலும் பழையதே, ஆனால் அடியில் பாஸும் டிரம்மும் நடையை மாற்றிவிட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் விடுகிறவர்களே அதிகம். மூன்றாம் பகுதியில் தாளம் அடங்கிவிட, அதுவரை வாலாக இருந்த அடியே தலையாகி, ரிக் வேக்மன் வாசிக்கும் தேவாலய ஆர்கனில், அதாவது பெரிய குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் கருவியில், போய்ச் சேர்கிறது. அந்த ஆர்கன், இலண்டனில் உள்ள செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்திலேயே பதிவு செய்யப்பட்டது. நான்காம் பகுதியில் தொடக்கத்தின் வேகம் திரும்பி, முதலில் கேட்ட மெட்டு பெருகி, அதே பறவையொலியிலும் நீரோசையிலும் முடிகிறது. அண்ணமார் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவர் பாட்டிலிருந்து வசனத்துக்கும் வசனத்திலிருந்து பாட்டுக்கும் மாறி மாறிப் பல இரவுகள் கொண்டுசெல்வதை நம் ஊர்ச் சனங்கள் உட்கார்ந்து கேட்டவர்கள்தாமே. பதினெட்டு நிமிடம் நமக்கு நீளமே அல்ல.

பெருந்துறை மிருதங்க மாணவன்:

பெரியவர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ஆர்கன் பகுதி எனக்கு இன்றும் சற்று மிகையாகவே படுகிறது. மற்றபடி, நீட்டிய வாசிப்பா என்ற ஐயத்துக்கு விடை பதிவு செய்த முறையிலேயே இருக்கிறது. இலண்டன் அட்விஷன் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்டுடன் அமர்ந்து, பாடலைத் துண்டு துண்டாக வாசித்துப் பதிந்து, ஒலிநாடாவை வெட்டி ஒட்டியே முழுப்பாடலையும் உருவாக்கினார்கள். மனம்போன போக்கில் வாசிப்பவர்கள் இத்தனை பாடுபட மாட்டார்கள். டிரம்மர் பில் புரூஃபோர்டு இந்தப் பதிவு முடிந்த கையோடு குழுவை விட்டு விலகிக் கிங் கிரிம்சன் என்னும் இன்னொரு ராக் குழுவில் சேர்ந்தார். அவர் ஸ்நேர் டிரம்மை அடிக்கும் கூர்மையான ஓசைக்காகவே நான் இந்தத் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

நீங்கள் மூன்றாம் பாடலான ‘சைபீரியன் கட்ரு’விலிருந்து தொடங்கியிருக்கலாம் என்பது என் கருத்து. அதன் முக்கியச் சுற்று எட்டும் ஏழுமாகப் பதினைந்து எண்ணிக்கையில் போகிறது. கையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள்; நான்கு சுற்றுக்குள் பிடிபட்டுவிடும். பிடிபட்ட பின் தலைப்புப் பாடலின் தொடக்கம் அவ்வளவு அச்சுறுத்தாது.

ஆழியாற்று வாசகி:

வரிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவலே தலைப்புப் பாடலுக்குத் தூண்டுதல். தமிழில் திருலோக சீதாராம் மொழிபெயர்ப்பில் ‘சித்தார்த்தன்’ என்று நம்மில் பலர் படித்ததுதான். நாவலின் இறுதியில் படகோட்டி வாசுதேவனும் சித்தார்த்தனும் ஆற்றின் குரலைக் கேட்டுக்கொண்டு கரையில் அமர்ந்திருப்பார்கள். பாடலின் தலைப்பில் ‘எட்ஜ்’ என்று வரும் ‘விளிம்பு’ அந்த ஆற்றங்கரைதான். அதற்குமேல் ஒவ்வொரு வரிக்கும் பதவுரை தேடுவது வீண். ஆண்டர்சன் சொற்களைப் பொருளுக்காக எடுப்பதைவிட ஓசைக்காகவே அதிகம் எடுத்தவர்.

இன்னொரு செய்தி, பேச்சுக்குச் சற்று வெளியே போகிறது என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹெஸ்ஸேயின் தாயார் நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் இருக்கும் தலைச்சேரியில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட் 1872-இல் மலையாள அகராதியை வெளியிட்டவர். சரியாக நூறாண்டு கழித்து இந்த இசைத்தட்டு வந்தது. எங்கோ இலண்டனில் செய்த பொருள் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

சோமனூர் வாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு தறி நின்ற பிறகு, பெரியவர் சொன்னபடி பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன். முதல் மூன்று நிமிடங்களைத் தாண்டிவிட்டேன். அந்தக் குரல் நிறுத்தங்களை இத்தனை நாள் பதிவின் கோளாறு என்று நினைத்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆர்கன் பகுதியில் நான் பெரியவர் பக்கம். பதினைந்து எண்ணிக்கை மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை, ஒவ்வொரு முறையும் பதினாறில் போய் விழுகிறேன்.