விண்வெளி உடை போட்டுவிட்டால் உறவு புதிதாகிவிடுமா?

இரவுவானம்:
அறிவியல் புனைவுப் படம் பார்த்துவிட்டு வரும் பலரும் கிராபிக்ஸை விட்டுவிட்டு அப்பா, மகள், காதல் என்றுதான் பேசுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு. கதையிலிருந்து அறிவியலை உருவிவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அந்த உறவு அப்படியே நின்றால், அது எந்தப் படத்திலும் இருக்கக்கூடிய உறவு. உறவும் சேர்ந்து சரிந்தால்தான் அசல் சரக்கு.

'இன்டர்ஸ்டெல்லர்' (2014) எனக்கு அசல் சரக்கு. கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் மில்லர் கிரகத்தில் ஒரு மணி நேரம் என்றால் பூமியில் ஏழு வருடம். விண்வெளி வீரர் கூப்பர் அங்கே இறங்கிவிட்டுக் கலத்துக்குத் திரும்புவதற்குள் 23 வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டிலிருந்து வந்து சேர்ந்துகிடக்கும் காணொளிகளை உட்கார்ந்து பார்க்கிறார். மகன் டாம் பையனாகத் தோன்றுகிறான். பிறகு தான் கட்டப்போகும் பெண்ணின் படத்தைக் காட்டுகிறான். பிறகு பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிறான். கடைசியில் அப்பா வரவே போவதில்லை என்று முடிவுகட்டிப் பேசுகிறான். அதன் பின் மகள் மர்ஃப் வந்து, அப்பா கிளம்பிய வயதைத் தான் இன்று தொட்டுவிட்டதாகச் சொல்கிறாள். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே வயது! தூர தேசத்துக்கு வேலைக்குப் போன அப்பாவை வைத்து இந்தக் காட்சியை எடுக்கவே முடியாது. ஈர்ப்புவிசை காலத்தை இழுத்து நீட்டினால்தான் இந்த வலி பிறக்கும்.

பழையரீல்:
மன்னிக்கவும், இந்த அளவுகோலை வைத்தால் பாதிப் பொக்கிஷம் வெளியே போய்விடும். ஸ்டார் வார்ஸ் வரிசையின் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' (1980) படத்தில் வில்லன் டார்த் வேடர் தான்தான் நாயகன் லூக்கின் அப்பா என்று சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிவாளுக்குப் பதில் இரும்பு வாளைக் கொடுங்கள், ஒன்றும் கெடாது. எதிரணியில் நிற்பவர்கள் உன் ரத்தம் என்று போருக்கு முன்னால் குந்தி கர்ணனிடம் வந்து சொன்னதும் இதே அடிதானே? அங்கே விண்கலம் எதுவும் இல்லை. ஆயிரம் முறை சொன்ன கதை என்பதால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்குகிறது.

இன்னொன்று, 'ஏலியன்ஸ்' (1986). நாயகி ரிப்ளி விண்கலத்தில் 57 வருடம் வயது ஏறாத உறைதூக்கத்தில் இருந்துவிட்டு எழுகிறார். பதினோராவது பிறந்தநாளுக்குள் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்த மகள், 66 வயதுக் கிழவியாகி இறந்தே போயிருக்கிறாள். உங்கள் அளவுகோலுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும் காட்சி. ஆனால் அதை வெட்டிவிட்டுத்தான் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். பிற்பாடு வந்த நீண்ட பதிப்பில்தான் அது சேர்ந்தது. வெட்டியதால் ரிப்ளி, நியூட் பாசம் எங்காவது குறைந்ததா? அனாதையாக ஒளிந்து வாழ்ந்த ஒரு சிறுமி, அவளை விட்டுப்போக மறுக்கும் ஒரு பெண். அதுவே போதுமானதாக இருந்தது.

கருந்துளை:
நான் இருவருக்கும் நடுவில் நிற்கவில்லை, முதலில் இன்டர்ஸ்டெல்லரோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அந்தக் காணொளிக் காட்சியில் அழாதவர் யார்? ஆனால் படம் முடியும்போது கூப்பர் உயிரோடு திரும்பி வந்து, மரணப்படுக்கையில் இருக்கும் மர்ஃபைப் பார்க்கிறாரே, அப்போது "டாம் எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்கிறாரா? வருடக்கணக்கில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தவன் டாம். கோபத்தில் பல காலம் பேசாமல் இருந்தவள் மர்ஃப். படம் மர்ஃபை மட்டும் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு டாமைக் கைகழுவிவிட்டது. காலநீட்சியை அத்தனை கவனமாகக் கையாண்ட படத்துக்கு ஒரு மகனை நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

எனக்கு 'அரைவல்' (2016) மேல். ஆனால் அதிலும், வேற்றுக்கிரகவாசிகளின் மொழியைக் கற்று வருங்காலத்தைக் காணும் மொழியியலாளர் லூயிஸ் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பிறக்கப்போகும் மகள் ஹானா சிறுவயதிலேயே நோயில் இறப்பாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே இயனை மணக்கிறாள், அவனிடம் மூச்சு விடவில்லை. பல வருடம் கழித்துச் சொல்கிறாள், அவன் பிரிந்து போகிறான். ஒருவருக்கு முழுப் படமும் தெரியும், இன்னொருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார். இதற்குப் பெயர் காதலா?

இரவுவானம்:
பழையரீல், ஸ்டார் வார்ஸை நான் குறை சொல்லவில்லை. அது விண்வெளியில் நடக்கும் புராணம், புராணமாகவே அதை ரசிக்கிறேன். ரிப்ளி விஷயத்தில் அந்த வெட்டிய காட்சியோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள். மகளின் முதிய முகத்தைப் படத்தில் தொட்டுப் பார்த்த பிறகு நியூட்டைத் தேடிப் போகும் ரிப்ளி வேறு ஆள். முன்பு துணிச்சலாகத் தெரிந்தது இப்போது கடனாகத் தெரியும். அந்த எடையைத் தருவது 57 வருட உறைதூக்கம்தான்.

கருந்துளை, லூயிஸை அப்படித் தள்ளிவிடாதீர்கள். அந்நியர்களின் மொழியைக் கற்றபின் அவளுக்குக் காலம் நேர்க்கோட்டில் இல்லை. ஹானா அவளுக்கு இனிமேல் பிறக்கப்போகிற குழந்தை இல்லை; ஏற்கனவே மடியில் கிடந்து, பேசி, சிரித்து, கோபித்துக்கொண்ட பிள்ளை. இயனிடம் முன்கூட்டியே சொல்லி அவன் வேண்டாம் என்றால், தான் அறிந்த மகளையே அவள் அழிக்க வேண்டும். டெட் சியாங்கின் மூலக்கதையில் மகள் 25 வயதில் பாறை ஏறும்போது விபத்தில் இறக்கிறாள். படத்தில் அதைத் தீராத நோயாக மாற்றினார்கள். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். விபத்து என்றால் "அன்றைக்குப் போகாதே என்று தடுத்திருக்கலாமே" என்ற கேள்விதான் பார்ப்பவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். நோய் என்றதும் பெறுவதா வேண்டாமா என்ற ஒரே கேள்விதான் மிச்சம்.

பழையரீல்:
சரி, உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். 'பாசஞ்சர்ஸ்' (2016). 120 வருடப் பயணம். ஜிம்மின் உறைதூக்கப் பெட்டி பழுதாகி 90 வருடம் முன்னதாகவே விழித்துவிடுகிறான். ஒரு வருடத்துக்கு மேல் தனியாகத் திண்டாடிவிட்டு, உறங்கிக்கொண்டிருக்கும் சக பயணி அரோராவை வேண்டுமென்றே எழுப்பி, அதுவும் பழுது என்று பொய் சொல்கிறான். மது பரிமாறும் ஆண்ட்ராய்டு உண்மையை உளறும்வரை அவளுக்குத் தெரியாது. அறிவியலை எடுத்துவிட்டால் இந்த உறவே இல்லை. உங்கள் கணக்கில் இதுவும் அசல் சரக்குதானே?

இரவுவானம்:
ஆமாம், உறவின் பிறப்பு அசல்தான். படம் அதை வளர்த்த விதம்தான் மோசம். அரோரா அவனை அடித்து நொறுக்கும் இடம்வரை கதைக்கு முதுகெலும்பு இருக்கிறது. அப்புறம் கலத்தில் கோளாறு, உயிருக்கு ஆபத்து, நாயகனின் தியாகம், மன்னிப்பு என்று ஓடிவிடுகிறார்கள். இறுதியில் மருத்துவப் பெட்டியில் ஒருவர் மட்டும் திரும்ப உறங்கலாம் என்று கண்டுபிடித்து, அவளிடம் அந்த வாய்ப்பை ஜிம் நீட்டுகிறானே, அந்த ஒரு நிமிடம் நேர்மையானது. அதிலிருந்து தொடங்கி ஒரு மணி நேரம் எடுத்திருக்க வேண்டும்.

'ஹெர்' (2013) படத்தைப் பாருங்கள், அது ஓடி ஒளியவே இல்லை. தியடோர் சுரங்க ரயில் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். போகிறவர் வருகிறவர் எல்லோரும் கருவியில் பேசிக்கொண்டே நடப்பது கண்ணில் படுகிறது. தான் காதலிக்கும் சமந்தாவிடம், குரல் மட்டுமே உள்ள செயற்கை நுண்ணறிவிடம், கேட்கிறான். இதே நேரத்தில் 8,316 பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறாளாம், 641 பேரைக் காதலிக்கிறாளாம். அவள் ஏமாற்றவும் இல்லை. அவள் மனம் அப்படி வேலை செய்கிறது. மனிதக் காதலுக்கு நாம் வைத்திருக்கும் எந்தச் சட்டமும் அங்கே செல்லாது.

கருந்துளை:
'எந்திரன்' (2010) பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? எல்லோரும் சிட்டி, சனா என்றே பேசுவார்கள். எனக்கு அது சிட்டி, வசீகரன் கதை. உணர்ச்சியை ஊட்டியவரே, அந்த உணர்ச்சி தனக்குக் குறுக்கே வந்ததும் கோடரியால் வெட்டிக் குப்பையில் எறிகிறார். முடிவில் சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறது. படைத்தவன் பிள்ளைக்குச் செய்த துரோகம் என்று பார்த்தால் படமே வேறாகிவிடும். சனாவுக்கும் இன்னும் கொஞ்சம் மனம் கொடுத்து எழுதியிருக்கலாம்.

லூயிஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஜிம்முக்கு ஒரு நியாயம், லூயிசுக்கு ஒரு நியாயமா? இருவருக்கும் தெரியும், துணைக்குத் தெரியாது. இருவரும் அடுத்தவர் வாழ்க்கையைத் தாங்களே முடிவு செய்கிறார்கள்.

இரவுவானம்:
ஜிம் அரோராவின் மிச்ச வாழ்க்கையைப் பறித்தான், அதுவும் தன் தனிமைக்காக. லூயிஸ் இயனிடமிருந்து எதைப் பறித்தாள்? அவன் உயிராக நேசித்த ஒரு மகளைக் கொடுத்தாள். தவிர, அந்தப் படம் விலையை மறைக்கவில்லை. அப்பா ஏன் இப்போது என்னை வேறு மாதிரி பார்க்கிறார் என்று ஹானாவே கேட்கிறாள். அம்மா தப்பான முடிவு எடுத்துவிட்டதாக அப்பா நினைக்கிறார் என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்கிறாள் லூயிஸ். பாசஞ்சர்ஸில் இப்படி ஒரு வரி உண்டா?

கருந்துளை:
இல்லைதான். ஆனாலும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் உரிமை இயனுக்கும் இருந்தது, அதில் நான் இறங்கிவர மாட்டேன். அவன் பிரிந்து போனதைக் குற்றம் சொல்ல மாட்டேன். மகளைப் பார்க்கும் பார்வையை மாற்றிக்கொண்டானே, அதற்குத்தான் அவன் மேல் எனக்கு ஆத்திரம். லூயிஸ் மேல் இருக்கும் கோபத்துக்கு ஹானா என்ன செய்வாள்?