கடன் செட்டில்மென்ட் நிறுவனத்தை நம்பித் தவணையை நிறுத்தலாமா?

கேள்வி: திருப்பூர்வாசி

பனியன் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறக்குமதி வரியை 50 விழுக்காடாக உயர்த்திய பிறகு ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் வருமானம் அடியோடு நின்றுவிட்டது. கிரெடிட் கார்டில் 2,80,000 ரூபாயும் தனிநபர் கடனில் 3,50,000 ரூபாயும் நிலுவை உள்ளன. இதுவரை தவணை தவறியதில்லை. பாதித் தொகையில் கடனை முடித்துத் தருவதாக ஒரு தனியார் நிறுவனம் சொல்கிறது. மொத்தக் கடனில் 15 விழுக்காட்டை முன்கூட்டியே கட்டணமாகச் செலுத்த வேண்டுமாம். அடுத்த மாதம் முதல் வங்கிக்கு எதுவும் கட்டக்கூடாதாம். சம்மதிக்கலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

தம்பி, முதலில் அந்தக் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள். 6,30,000 ரூபாய்க்கு 15 விழுக்காடு என்றால் 94,500 ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூட உங்கள் கடனில் குறையாது. கார்டுக்கு மாத வட்டி 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கட்டாமல் விடும் ஒவ்வொரு மாதமும் 9,800 ரூபாய் வட்டியும், அதன்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யாக 1,764 ரூபாயும் ஏறும்; தாமதக் கட்டணம் தனி. தவணை தவறி 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதன் பிறகும் தள்ளுபடி தந்தே ஆகவேண்டும் என்று எந்த வங்கிக்கும் கட்டாயமில்லை.

அவர்கள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பது இன்னொன்று. தனிநபர் கடனின் தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகிறது அல்லவா? கணக்கில் பணமின்றி அது திரும்பினால், காசோலை திரும்புவதற்கு ஈடாக, 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் குற்ற வழக்கு தொடர முடியும். வங்கியின் அழைப்பை எடுக்காமல் இருப்பதால் நீதிமன்ற சம்மன் நின்றுவிடாது.

மறுமொழி: மதுரைக்காரன்

என் மைத்துனர் இத்தகைய நிறுவனம் ஒன்றின் வழியாகக் கார்டு கடனை முடித்தார். கடன் முடிந்தது உண்மைதான். ஆனால் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘மூடப்பட்டது’ என்றல்லாமல் ‘செட்டில்டு’ (முழுத் தொகையும் கட்டாமல் சமரசமாக முடித்தது) என்றே பதிவாகியிருப்பதால், வீட்டுக் கடனுக்குப் போன இடத்திலெல்லாம் அதைக் காட்டியே மறுத்தார்கள். ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் விதிப்படி, சமரசமாக முடித்த வங்கி, விவசாயக் கடன் தவிர்த்த மற்றவற்றில், குறைந்தது 12 மாதங்களுக்கு அவருக்குப் புதிய கடன் தரக்கூடாது.

திருப்பூர்வாசி

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் நானே வங்கியிடம் பேசுவதற்கு வழி உண்டா?

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

தாராளமாக உண்டு. தவணை தவறாத இந்த நிலைதான் உங்கள் பலம். கார்டு நிலுவையைக் குறைந்த வட்டியுள்ள மாதத் தவணைகளாக மாற்றித் தரும்படியும், தனிநபர் கடனின் காலத்தை நீட்டித்துத் தரும்படியும், சம்பளம் குறைந்ததற்கான சான்றுடன் மின்னஞ்சலில் கேளுங்கள். கிளையில் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்திவிட வேண்டாம். எழுதிக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது என்ற விதியையும் நினைவில் வைத்திருங்கள்.

செட்டில்மென்ட்தான் ஒரே வழி என்ற நிலை பின்னால் வந்தாலும் லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடு நேரடியாகப் பேசி முடிக்கலாம். கணக்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, கட்டவேண்டிய கடைசித் தேதி ஆகிய மூன்றும் வங்கியின் கடிதத்தில் இருந்தால் மட்டுமே பணம் கட்டுங்கள். அதையும் உங்கள் கடன் கணக்கிலேயே செலுத்தி, நிலுவையின்மைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் உங்கள் சார்பில் வங்கியிடம் பேச ஏதேனும் அதிகாரக் கடிதத்தில் ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருந்தால், அதை ரத்து செய்வதாக அவர்களுக்கும் வங்கிக்கும் இன்றே எழுதிவிடுங்கள்.